பழைய வீட்டுடன் காணி விற்பனைக்கு

"பழைய வீட்டுடன் காணி விற்பனைக்கு." யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளின் சிறுவிளம்பரப் பக்கத்தை ஒரு கிழமை தொடர்ந்து பார்த்தால் இந்த வரி எப்படியும் கண்ணில் படும். விற்பனைக்கு வருவது காணி. வீடு அதோடு ஒட்டிக்கொண்டு வருகிற ஒரு சாமான். புது வீடு என்றால் விளம்பரம் தலைகீழாக இருக்கும். எத்தனை அறை, எத்தனை குளியலறை, வாகனம் விட இடம் எல்லாம் முதலில் வரும். எத்தனை பரப்பு என்பது கடைசியில் வரும்.

சாவகச்சேரிக்குப் பக்கத்தில் எங்கள் அம்மம்மாவின் வீடு இப்போது இந்த நிலையில்தான் இருக்கிறது. மதிப்பீடு செய்ய வந்தவர் காணியை அளந்தார், றோட்டு முகப்பைப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார். வீட்டுக்குள் பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. அறிக்கையில் கட்டிடத்தின் பெறுமதிக்கு நேரே ஒரு சிறு கோடு. வயதுக்குத் தேய்மானம் கழித்துக்கொண்டு போனால் நூறு வருடக் கட்டிடம் பூச்சியத்துக்கு வருவது கணக்கின்படி சரிதான். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வரலாறு படிக்கிற ஆக்கள் என்ற முறையில் நாங்களும் ஒரு மதிப்பீடு செய்து பார்க்கலாம் என்று நினைத்தோம். ஒரு சுவடியைப் படிப்பது மாதிரி இந்த வீட்டைப் படித்தால் என்ன கிடைக்கும்? நாற்சார் வீட்டைப் பற்றி முகநூலில் வருகிற "அந்தக் காலம் எவ்வளவு அழகு" வகைப் பதிவுகள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன. நாங்கள் அதற்கு இன்னொன்று சேர்க்க வரவில்லை.

முதலில் உறுதியிலிருந்து தொடங்குவோம். யாழ்ப்பாணத்தில் ஒரு காணிக்கு இலக்கம் மட்டுமல்ல, பெயரும் உண்டு. கலட்டி, புலம், தாழ்வு, வளவு, சீமா, தோட்டம் என்று முடிகிற பெயர்கள். கலட்டி என்றால் கல் கிடந்த தரை, தாழ்வு என்றால் மாரியில் வெள்ளம் நிற்கிற பள்ளம். இன்று மதில் கட்டி, மண் நிரவி, மேலே சீமெந்து போட்டுவிட்டாலும் உறுதியில் அந்தப் பள்ளம் அப்படியே இருக்கிறது. வாங்க வருகிறவர் உறுதியில் காணியின் பெயரை வாசித்தாலே மாரிகாலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வருமா என்று அரைவாசி தெரிந்துவிடும். அளவும் அப்படித்தான். 16 பரப்பு ஒரு ஏக்கர், ஒரு பரப்பு 10 பேர்ச் என்று இப்போது கணக்குச் சொல்கிறோம். ஆனால் பழைய உறுதிகளில் பரப்போடு "வரகு" என்ற சொல்லும் சேர்ந்து வரும். எவ்வளவு வரகு விதைக்கலாம் என்பதை வைத்து நிலத்தை அளந்த காலத்தின் எச்சம் அது. வரகை நாங்கள் பொங்கலுக்கோ கஞ்சிக்கோ தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. உறுதிக்குள் மட்டும் இன்னும் விளைகிறது.

எங்கள் கையில் இருக்கும் உறுதிகளில் மிகப் பழையது ஒரு சீதன உறுதி. அம்மம்மாவின் தாய்க்கு எழுதியது. பிறகு அம்மம்மாவுக்கு, பிறகு பெரியம்மாவுக்கு. மூன்று தலைமுறை, மூன்று கலியாணம். ஆம்பிளைகள் யாருடைய பெயரிலும் இந்த வீடு இருந்ததேயில்லை. இது எங்கள் குடும்பத்துக்கு மட்டும் உரிய விசேஷமில்லை, தேசவழமை. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், ஆளுநர் சைமன்ஸின் கட்டளைப்படி கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி யாழ்ப்பாணத்து வழமைகளைத் தொகுத்தார். பன்னிரண்டு முதலிமார் அதைப் பார்த்து ஒப்புதல் கொடுத்தார்கள். ஆங்கிலேயர் 1806இல் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள். அந்தத் தொகுப்பில் சொத்து மூன்று வகை: தகப்பன் வழி வருகிற முதுசம், தாய் வழி போகிற சீதனம், கலியாணத்துக்குப் பிறகு இருவரும் சேர்த்துத் தேடுகிற தேடியதேட்டம். முதுசம் ஆண்பிள்ளைகளுக்கு, தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்கு என்பதுதான் பழைய ஒழுங்கு. சீதனம் வாங்கிக்கொண்டு போன மகள் தாய் தகப்பனின் மிச்சச் சொத்தில் பங்கு கேட்க முடியாது என்பதும் அதோடு சேர்ந்தது.

இதை வைத்து "எங்கடை பெண்களுக்கு அந்தக் காலத்திலேயே சொத்துரிமை இருந்தது" என்று மேடைகளில் பெருமை பேசுவோர் உண்டு. அவர்கள் 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தையும் ஒருக்கால் வாசிக்க வேண்டும். தேசவழமைக்கு உட்பட்ட ஒரு மணமான பெண்ணின் சொத்து அவளுடைய தனிச் சொத்து. அசையும் சொத்தை அவள் தன் விருப்பப்படி கையாளலாம். வீட்டையும் காணியையும் மரணசாசனத்தில் விரும்பியவருக்கு எழுதலாம். ஆனால் உயிரோடு இருக்கும்போது அந்த வீட்டை விற்கவோ, ஈடு வைக்கவோ, நன்கொடை கொடுக்கவோ புருஷனின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும். புருஷன் தன் காணியை விற்கப் பெண்சாதியின் சம்மதம் தேவையில்லை. நூறு வருடம் தாண்டியும் இந்த ஏற்பாடு இருக்கிறது. எங்கள் பெரியம்மா கனடாவில் இருந்து மாமாவுக்கு அற்றோணித் தத்துவம் அனுப்பியபோது நொத்தாரிசு கேட்ட முதல் கேள்வி, "அவ புருஷன் ஒப்பம் வைச்சிருக்கிறாரோ?" பெரியம்மா வட்ஸ்அப்பில் சொன்னது: "வீடு என்ரை. கையெழுத்து அவற்றை."

பெரியம்மாவுக்கு அது ஒரு எரிச்சல், அவ்வளவுதான். புருஷன் எங்கே என்றே தெரியாமல் பதினைந்து வருடத்துக்கு மேலாகத் தேடிக்கொண்டிருக்கும் பெண்களுக்கு? வழி இருக்கிறது. புருஷன் கைவிட்டிருந்தாலோ, இருக்கிற இடம் தெரியாவிட்டாலோ, காரணமில்லாமல் சம்மதம் மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அவருடைய சம்மதத்துக்குப் பதிலாக நீதிமன்றக் கட்டளை வாங்கலாம். அதாவது தன் பெயரில் இருக்கும், தன் தாய் தந்த வீட்டை ஈடு வைத்துக் கோழிப்பண்ணை போட விரும்புகிற ஒரு பெண், முதலில் சட்டத்தரணிக்குக் காசு தேட வேண்டும். "இருக்கிற இடம் தெரியாது" என்று மன்றில் எழுதிக் கொடுப்பது, வீதியோரக் கொட்டகையில் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கிற ஒரு மனைவிக்கு வெறும் படிவம் நிரப்புகிற வேலையாக இருக்காது என்று நாங்கள் நினைக்கிறோம். பழைய வீட்டின் மதிப்பீட்டில் இதற்கு எந்த நிரலும் இல்லை.

உறுதிகளை வரலாற்றுச் சான்றாகப் பாவிக்கும் நண்பர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முத்திரைத் தீர்வையைக் குறைக்க, கைமாறிய காசைவிடக் குறைத்து எழுதுவது ஊர் அறிந்த வழக்கம். உறுதியில் இருக்கிற விலையை வைத்து "அந்தக் காலத்துக் காணி விலை" என்று ஆய்வுக் கட்டுரை எழுதினால் வழுக்கி விழ வேண்டியதுதான். எல்லைகளையும் பெயர்களையும் நம்பலாம். வடக்கு எல்லை இன்னாரின் பெண் இன்னார், கிழக்கு ஒழுங்கை என்று நான்கு திசையும் எழுதியிருக்கும். எங்கள் உறுதியின் வடக்கு எல்லையில் இருக்கும் பெயருக்குரியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று மூன்று கண்டங்களில் இருக்கிறார்கள். அயலை யாரும் மறக்காமல் வைத்திருப்பது அந்தத் தாள்தான்.

இனி வீட்டுக்குள் போவோம். தடித்த சுவர். சுண்ணாம்புக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். தென்மராட்சி மண்ணில் மணல் கூட. கல் வலிகாமப் பக்கம் இருந்து மாட்டுவண்டியில் வந்ததாக வீட்டில் சொல்லுவினம். கூரையில் வளையும் தீராந்தியும் சிலாகையும் பனை, வைரம் பாய்ந்த கறுப்புப் பனை. கதவு நிலைகள் மட்டும் தேக்கு, அதுவும் பர்மாத் தேக்கு என்பது குடும்பக் கதை. நிரூபிக்க எங்களிடம் ஒன்றுமில்லை. ஆனால் நம்ப முடியாத கதையில்லை. வல்வெட்டித்துறையில் கட்டிய பாய்க்கப்பல்கள் வங்காள விரிகுடாவைக் கடந்து பர்மாவுக்குப் போய்வந்த காலம் அது. அந்த ஊரில் கட்டிய 'அன்னபூரணி' 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அப்படிப்பட்ட கடலோடிகளுக்குத் தேக்குக் கொண்டுவருவது பெரிய காரியமில்லை.

கூரை ஓடு இரண்டு வகையாக இருந்திருக்கிறது. பின்பக்கத் தாழ்வாரத்தில் பீலியோடு, முன்பக்கத்தில் மங்களூர் ஓடு. பீலியோடு உள்ளூர்ச் சூளையில் சுட்டது. மங்களூர் ஓடு பாசல் மிஷனரிமார் 1865இல் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையில் பிறந்த வகை. அது எப்படிச் சாவகச்சேரிக்குப் பக்கத்து ஊருக்குள் வந்தது? எங்கள் ஊகம் ரயில். காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரைக்கும் 1902இல் ரயில் ஓடத் தொடங்கியது. 1905இல் கொழும்போடு பாதை இணைந்தது. துறைமுகத்தில் இறங்கும் பாரமான சாமான் சாவகச்சேரிப் புகையிரத நிலையம் வரைக்கும் வந்துவிட்டால் மிச்சம் வண்டில் பாடு. நாற்சார் வீடு என்றதும் ஏதோ ஆயிரம் வருடப் பழமை என்று கற்பனை பண்ணுகிறோம். எங்கள் கண்முன் நிற்கிற பல நாற்சார் வீடுகள் உண்மையில் ரயில் காலத்து வீடுகள். நடுமுற்றம் என்ற வடிவம் பழையது, கட்டிய காசு புதியது.

அந்தக் காசு எங்கிருந்து? ஒரு பங்கு புகையிலை. யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்குப் போய்க் காசாக வந்த கதை ஒல்லாந்தர் காலத்திலேயே உண்டு. ஆனால் எங்கள் வீட்டுக்கு, இந்தப் பக்கத்துப் பல வீடுகளுக்கும், காசு வந்தது மலாயாவில் இருந்து. மிஷன் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் படித்த பொடியங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இருந்து மலாயா ரயில்வேக்கும் நில அளவைக்கும் தபால் கந்தோருக்கும் கிளாக்கர்களாகப் போனார்கள். அங்கே உழைப்பு, இங்கே வீடு. கடைசியில் பென்சனோடு ஊருக்குத் திரும்புவது. அம்மம்மாவின் தாத்தா அப்படி ஒரு ரயில்வே கிளாக்கர். முன்விறாந்தை அவர் முதலாவது லீவில் வந்தபோது, வடக்குப் பக்க அறைகள் இரண்டாவது லீவில், தலைவாசல் பென்சன் எடுத்த பிறகு. 1942இல் யப்பான்காரன் மலாயாவைப் பிடித்ததும் காசு நின்றுபோனது. கிழக்குப் பக்கம் இன்றைக்கும் மூன்றாம் சுவர் அரைவாசி உயரத்தில் நிற்கிறது. நாற்சாரில் நாலாவது சார் முழுமையடையாததற்குக் காரணம் இரண்டாம் உலகப்போர் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான்; ஆனால் பெரிய பிழையில்லை.

1950க்குப் பிறகு காங்கேசன்துறைச் சீமெந்து வந்துவிட்டது. குசினி நிலம், கிணற்றுக் கட்டு, வெளி மதில் எல்லாம் அந்தச் சீமெந்து. சுண்ணாம்புச் சுவரில் சீமெந்துப் பூச்சுப் பூசிய இடங்களில்தான் இப்போது சுவர் ஊறி உதிர்கிறது. பழைய வீடு வாங்க நினைக்கிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுத்து வெளியே விடும். அதன் மேல் சீமெந்தைப் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று சுவரைத் தின்னும். நூறு வருடம் தாங்கிய சுவர் நாற்பது வருடத்துத் திருத்த வேலையால் போகிறது.

வீட்டின் சொற்களையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். குசினி, யன்னல், கதிரை, மேசை, அலுமாரி, சாவி எல்லாம் போர்த்துக்கேயம். கக்கூசும் கந்தோரும் ஒல்லாந்து. விறாந்தையும் போர்த்துக்கேயர் வாயால் வந்தது. அவையளே இந்தியாவில் கேட்டு எடுத்தவையோ என்று சொற்பிறப்பு ஆக்கள் இப்பவும் சண்டை பிடிக்கினம். படலை, திண்ணை, முற்றம், அறை, கோடி, கிணற்றடி தமிழ். 1619இல் போர்த்துக்கேயரிடம் யாழ்ப்பாணம் போனது, 1658இல் ஒல்லாந்தரிடம். நாற்பது வருடம் கூட இல்லாத போர்த்துக்கேய ஆட்சி எங்கள் சமையலறைக்குப் பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறது. வெளியாள் புழங்கும் முன்பக்கத்துக்குத்தான் பிறமொழிச் சொல் வந்திருக்கும் என்று ஒரு அழகான கோட்பாடு கட்டலாம் என்றால் குசினி வந்து அதைக் கெடுக்கிறது. பழைய சொல்லான அடுக்களை அம்மம்மாவின் வாயில் மட்டும் மிஞ்சியிருந்தது.

யார் எது வரைக்கும் வரலாம் என்பதும் இந்த வீட்டில் கல்லில் எழுதியிருக்கிறது. சங்கடப்படலையின் கூரை நிழலில் வழிப்போக்கர் இருந்து இளைப்பாறலாம் என்பதைப் பெருமையாகச் சொல்வோம். அதே வீட்டில் சீவல் தொழில் செய்தவரும் உடுப்பு வெளுத்தவரும் அந்தப் படலையால் வந்ததில்லை. கோடிப்பக்கத்தால் வந்து, முற்றத்து மண்ணில் நின்று, சிரட்டையில் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். கிணற்றில் அவர்கள் வாளி விடக்கூடாது. யாராவது வந்து ஊற்றும் வரைக்கும் காத்துக்கொண்டு நிற்க வேண்டும். எங்கள் வீட்டுக் கோடியில் சுவரோடு ஒரு தாழ்ந்த கல் இருக்கிறது. அது எதற்கு என்று சின்ன வயதில் கேட்டபோது "சும்மா" என்றார்கள். அது தண்ணீருக்குக் காத்திருந்தவர்கள் குடம் வைத்த கல். பொது இடங்களில் சாதியின் பெயரால் தடுப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இல் வந்தது. வீட்டுக் கிணறு பொது இடமில்லையே. அந்தக் கல்லுக்கு அருகில் யாரும் நிற்காமல் போனது சட்டத்தால் அல்ல, குழாய்க்கிணறும் இடம்பெயர்வும் வந்ததால் என்றுதான் எங்களுக்குத் தோன்றுகிறது.

பெண்களுக்கும் ஒரு வரைபடம் இருந்தது. உறுதி பெண்ணின் பெயரில், முன்விறாந்தைச் சாய்மனைக் கதிரை ஆணுக்கு. ஆட்கள் வந்தால் அம்மம்மா நடுமுற்றத்துத் தாழ்வாரத்தில் தூணுக்கு அங்காலே நின்றுதான் கதைப்பா. மாதத்தில் மூன்று நாள் வடமேற்கு மூலை. இந்த வீட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று நாங்கள் சொல்லும்போது இந்த வரைபடத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறோமா என்று எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. எங்கள் பதில்: வீட்டை இடித்தால் அந்தக் கல்லும் போகும். கல் போனபிறகு "எங்கடை ஊரில அப்பிடியொண்டும் இருக்கேல்லை" என்று சொல்வது மிச்சம் சுலபமாகிவிடும். அழகைப் பாதுகாப்பதற்கு மட்டுமே வீட்டை வைத்திருக்க வேண்டும் என்றால் நல்ல புகைப்படம் போதும்.

பிறகு போர். 1990 யூனில் ரயில் நின்றது. நின்ற பாதையின் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்கு குழிகளுக்குப் போயின. 1902இல் ஓட்டைக் கொண்டுவந்த பாதை, தொண்ணூறுகளில் அதே வளவுக்குள் மண்ணுக்குள் இறங்கியது. எங்கள் மாமரத்துக்குக் கீழே மண் இன்றும் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது. மதிப்பீட்டாளர் அதை "நிரவ வேண்டிய பள்ளம்" என்று குறித்தார். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க எழும்பி நாவற்குழிப் பக்கமாக நடந்து வந்தது. பல இலட்சம் சனம். தென்மராட்சியில் ஒவ்வொரு வீடும் ஏழு எட்டுக் குடும்பங்களைத் தாங்கியது. எங்கள் நடுமுற்றத்தில் பதினொரு அடுப்பு எரிந்ததாம். சாதி பார்த்து வாளி விட்ட கிணற்றில் அந்த மாரியில் யார் யாரோ அள்ளினார்கள். அடுத்த சித்திரையில் இராணுவம் தென்மராட்சிக்குள் வந்தது, சனம் வலிகாமத்துக்குத் திரும்பியது. 2000ஆம் ஆண்டில் ஆனையிறவு விழுந்த பிறகு சண்டை சாவகச்சேரிக்கே வந்தது. மே தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும் நகரம் இரு பக்கமும் கைமாறி, முடியும்போது சுவரும் புகைக்கூடும் மட்டும் நின்ற இடங்கள் ஏராளம். எங்கள் வீட்டின் முன்பக்கக் கூரை அப்போதுதான் போனது. மங்களூர் ஓடு இருந்த இடத்தில் இப்போது தகரம். பின்பக்கப் பீலியோடு தப்பியது. சுவரில் சன்னத் துளைகள் இருக்கின்றன. நாங்கள் எண்ணினோம், எழுபத்திரண்டு.

காணி வாங்குகிறவரின் நொத்தாரிசு வழமையாக முப்பது வருடத்துக்குப் பின்னால் போய்ப் பதிவுகளைத் தேடுவார். இன்றிலிருந்து முப்பது வருடம் என்பது சரியாக அந்த இடப்பெயர்வுக் காலத்தில் போய் நிற்கிறது. யார் வீட்டில் யார் இருந்தார்கள், யார் எந்த உறுதியை எந்தப் பையில் வைத்துத் தொலைத்தார்கள் என்று தெரியாத வருடங்கள். 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எதிரிடையாகப் பத்து வருடம் ஆட்சி செய்தவர் காணிக்கு உரிமை கேட்கலாம். போரால் வர முடியாமல் போனவர்களின் காணியை இப்படி இழக்கக்கூடாது என்று 2016இல் விசேட ஏற்பாட்டுச் சட்டம் ஒன்று வந்தது. வந்தபோது பல காணிகளில் புது வீடே எழும்பியிருந்தது.

விற்றபின் திரும்பி வாங்கலாமே என்று வெளிநாட்டிலிருக்கும் மச்சான்மார் கேட்கினம். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரஜை இலங்கையில் காணி வாங்க முடியாது. உறவு வழியாக வாரிசாக வருவதற்கும் இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவர்களுக்கும் விலக்கு உண்டு. ஸ்காபரோவில் பிறந்த பேரப்பிள்ளைக்கு இந்த வீடு தாயிடமிருந்து வரலாம்; ஆனால் ஒருமுறை வெளியாளுக்கு விற்றுவிட்டால், கனடாக் கடவுச்சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு காசு கொண்டு வந்தாலும் திரும்ப வாங்கேலாது. குடும்ப வட்ஸ்அப் குழுவில் இதைப் போட்ட அன்று முழுக்க ஒருவரும் பதில் எழுதவில்லை.

அரசாங்கம் பாதுகாக்காதா என்றும் கேட்டார்கள். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தில் பழைய நினைவுச்சின்னம் என்றால் 1815 மார்ச் 2க்கு முந்தியது. அது கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். யாழ்ப்பாணக் கோட்டையை ஆங்கிலேயர் 1795இலேயே பிடித்துவிட்டார்கள். ஆனால் எங்கள் வீடு பழையதா இல்லையா என்பதைக் கண்டி தீர்மானிக்கிறது. பிந்திய கட்டிடம் என்றால் அமைச்சர் வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும். ஒரு கிளாக்கரின் அரைகுறை நாற்சாருக்கு யார் வர்த்தமானி அடிக்கப் போகிறார்கள்? கொழும்பில் ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் ஈனா டி சில்வாவுக்குக் கட்டிய முற்றம் வைத்த வீட்டை, காணி விற்கப்பட்டபோது பிரித்தெடுத்து லுணுகங்கையில் திரும்பக் கட்டினார்கள். மிக நல்ல வேலை, குறை சொல்லவில்லை. முற்றம் வைத்த வீட்டுக்கு அப்படியொரு மரியாதை இந்த நாட்டிலேயே கிடைத்திருக்கிறது என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. எங்கள் பக்கம் பழைய வீட்டைப் பிரிப்பதற்கு வருகிறவர்கள் கதவுக்கும் தூணுக்கும் மட்டும்தான் விலை பேசுகிறார்கள். வீட்டுக்குக் கோடு போட்ட அதே கிழமையில் ஒருவர் வந்து, முன்கதவு நிலைக்கு மட்டும் தனி விலை சொன்னார். துண்டு துண்டாகப் பார்த்தால் பெறுமதி இருக்கிறது. முழுதாகத்தான் இல்லை.

விற்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. மாமாவுக்கு அறுபத்தெட்டு வயது. மாரிக்கு மாரி தகரத்தில் ஏற அவரால் முடியாது. பெரியம்மாவின் ஓய்வூதியம் போதாது. போருக்குப் பின் வந்த இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குப் புது வீட்டுக்கு 550,000 ரூபா கொடுத்தார்கள். அந்தக் காசு எங்கள் கூரையின் பனஞ்சிலாகையை மாற்றவே காணாது என்று தச்சுவேலை செய்பவர் சொல்கிறார். பங்காளரும் உரித்தாளரும் முதலில் வாங்கும் உரிமையை 1947ஆம் ஆண்டுச் சட்டம் கொடுக்கிறது. முறைப்படி கேட்டாயிற்று. ஒருவரும் வாங்க முன்வரவில்லை, ஆனால் மூன்று பேர் "விக்காதேங்கோ" என்றார்கள்.

எங்களால் முடிந்ததைச் செய்திருக்கிறோம். மூன்று நாள் அளவு நாடா பிடித்து வீட்டின் முழு வரைபடத்தைக் கீறினோம். எந்தச் சுவர் எந்தக் காலம் என்று நிறம் பிரித்தோம். உறுதிகள் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணினோம். குடம் வைத்த கல்லையும் பதுங்கு குழிப் பள்ளத்தையும் வரைபடத்தில் பெயரோடு குறித்தோம். கல்லுக்கு என்ன பெயர் எழுதுவது என்று வீட்டில் கொஞ்சம் வாக்குவாதம் வந்தது. மாமா "கல்" என்று மட்டும் எழுதச் சொன்னார், நாங்கள் அது எதற்குப் பயன்பட்டது என்பதை முழுதாக எழுதினோம். கோடிக்கு அப்பால் இருக்கும் ஒழுங்கையில், அந்தக் கல்லில் குடம் வைத்த ஒரு ஆச்சி இன்னும் இருக்கிறா. அவவின் கதையைப் பதிவுசெய்ய அடுத்த லீவில் போவதாகச் சொல்லியிருக்கிறோம்.

இதுவரைக்கும் இரண்டு பேர் வீட்டைப் பார்த்துப் போயிருக்கிறார்கள். ஒருவர் இடித்துவிட்டுக் கலியாண மண்டபம் கட்டப் போகிறாராம். மற்றவர் பள்ளிக்கூட வாத்தியார், குறைந்த விலைக்குக் கேட்கிறார், சுவரைத் தட்டிப் பார்த்து "இது இன்னும் நிக்கும்" என்றார். மாமா இரண்டு பேருக்கும் பதில் சொல்லவில்லை. பெரியப்பாவின் சம்மதக் கடிதமும் இன்னும் வரவில்லை.